அடுப்பை அணைத்தது யார்?

வலியசாலை,
திருவனந்தபுரம்.
3.2.2025

பூமாரிக்கு,

அனுப்பறவர் பேர் வெளியில எழுதினா பிரிக்காமலே கிழிச்சுப் போட்டுடுவியோன்னு பயம். அதான் எழுதலை. மாளவிகாதான். விஜயம் மாமி பொண்ணு.

நீ என் நம்பரை பிளாக் பண்ணி மூணு வருஷம் ஆகப்போறது. சாலைக் கம்போளத்துல வெல்லக் கடையில நிக்கிற லிங்கம் அண்ணன்கிட்ட நாலு தடவை கேட்டு, அஞ்சாவது தடவைதான் இந்த அட்ரஸ் தந்தார். விழிஞ்ஞத்துல போர்ட் வேலைக்காரா கான்டீன்ல சமையல் பண்றியாமே. நூத்தம்பது பேருக்கா? எங்காத்துல பதினோரு வருஷம் இருந்தே, ஒரு நாள்கூட நீ சமைச்சு நான் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை, சரிதான்.

விஷயத்துக்கு வரேன். நான் ஒரு சினிமா எடுக்கறேன். பேர் ‘வீட்டுத்துணை’. மனுஷி மாதிரியே இருக்கற ஒரு மிஷினை ஒரு கம்பெனி வீட்டு வேலைக்குன்னு விக்கறது. பேரு துணை. அது ஒரு அக்ரஹாரத்து வீட்டுக்கு வரது. பெருக்கும், துணி தோய்க்கும், சொன்னதெல்லாம் கேக்கும். கடைசியில வீட்டு எஜமானி அடுக்களையில விழுந்து கிடக்கா, அடுப்புல எண்ணெய் பத்திண்டு எரியறது, அது வாசல்படியில நின்னு பார்த்துண்டே இருக்கு. உள்ளே போகலை. பார்க்கிறவா எல்லாம் நடுங்கணும்.

எங்கேர்ந்து எடுத்தேன்னு உனக்குத் தெரியும். மறைக்கலை.

ஆனா கேளு. அது ஏன் உள்ளே போகலைன்னு எனக்கு எழுத வரலை. பதினாலு தடவை எழுதியாச்சு, பதினாலும் பொய்யா இருக்கு. மார்ச் இருபத்தி நாலாம் தேதி அந்த சீன் எடுக்கணும். சண்டைக்கு எழுதலை, பூமாரி. நிஜமாவே தெரிஞ்சுக்கணும். அன்னிக்கு ஏன் உள்ளே போகலை?

ஸ்கூல்ல நான் படிச்சது மலையாளம். உன்னோட பின்கட்டுல உட்கார்ந்து தொடர்கதை வாசிச்சுத்தான் தமிழ் எழுத்து வசமாச்சு. பிழை இருந்தா சிரிச்சுக்கோ.

மாளவிகா


விழிஞ்ஞம்
11.2.2025

மாளவிகா மேடம் அவர்களுக்கு,

பூமாரி எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மேடம்னு எழுதக் கை கூசுது. ஆனா வேற எப்படிக் கூப்பிட? பழையபடி பாப்பான்னு கூப்பிட எனக்கு மனசு இல்ல. அதனால மேடமே இருக்கட்டும்.

உங்க சினிமாவைப் பத்தி எனக்கு முன்னமே தெரியும். போன மாசம் என் மக அஜிதா செல்லுல காட்டினா. ஒரு நிமிஷம் ஓடுது. அந்தப் பொம்பள மிஷினு ஈரக்கையை இடது இடுப்புல ரெண்டு தடவை துடைக்கு. விளக்குமாத்தைத் தலைகீழா சாத்தி வைக்கு. சேலையத் தூக்கி வலது பக்கம் சொருகியிருக்கு. கடைசியில கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம அசையாம நிக்கு. உள்ள இருந்து புகை வருது. அப்புறம் எழுத்துப் போடுறாக, ‘உங்கள் வீட்டில் இருப்பது யார்?’னு.

அஜிதா அதை இன்னொரு தடவை ஓட விட்டுப் பார்த்தா. பிறகு, “இது அம்ம தன்னெயல்லே?”ன்னு, இது நீங்கதானேன்னு கேட்டா. அவ பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம், வாயில வாரதும் அதுதான். “நெசமாவே அப்படியே நின்னுட்டு இருந்தீங்களா?”ன்னு தமிழ்லயும் ஒருக்கா கேட்டா. நான் சோத்தைப் போட்டுத் தின்னுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அன்னையிலருந்து என்கிட்ட சரியாப் பேச மாட்டேங்கா.

இந்தக் கடுதாசிய அவளால வாசிக்க முடியாது, தமிழ் எழுத்து தெரியாது. அதனாலதான் உங்களுக்குப் பதிலே எழுதுதேன்.

ஏன் உள்ள போகலைன்னு அன்னைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவுல சொன்னேன். உள்ள வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாக, போகலை. அவ்வளவுதான். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு நினைவு இருக்கா? “நீ மனுஷியா, மிஷினா?”ன்னு கேட்டீங்க. இப்ப மிஷினே செஞ்சிட்டீங்க. சந்தோசம்.

இனி எழுத வேண்டாம்.

பூமாரி

தெரியாமத்தான் கேக்கேன். அதுக்குப் பசிக்குமா? எங்க படுக்கும்? லீவு உண்டா? அதுக்குன்னு தனி டம்ளர் வச்சிருக்கீங்களா?


வலியசாலை
17.2.2025

பூமாரி,

இனி எழுத வேண்டாம்னு சொல்லிட்டுக் கீழே நாலு கேள்வி கேட்டா நான் என்ன பண்றது? பதில் சொல்லாம இருக்க என்னால முடியாது. அது உனக்கும் தெரியும், கள்ளி.

பசிக்காது. கரன்ட்தான். லீவு கிடையாது, மாசம் ஒரு தடவை கம்பெனிக்காரன் வந்து எண்ணெய் போட்டுட்டுப் போவான். படுக்காது, நின்னுண்டே சார்ஜ் ஏறும். எங்கே நிக்கும்னா, ஸ்க்ரிப்ட்ல ‘பின்கட்டுத் தாழ்வாரம்’னு எழுதியிருக்கேன். நீ கேட்டப்புறம்தான் யோசிச்சேன், ஹால்லயும் ப்ளக் இருக்கே, ஏன் பின்கட்டுன்னு எழுதினேன்? கை தானா எழுதியிருக்கு. டம்ளரைப் படிச்சுட்டு முதல்ல சிரிச்சேன். அப்புறம் எழுந்து போய் நம்ம பின்கட்டு ஜன்னல்ல பார்த்தேன். உன் டம்ளர் இன்னும் அங்கேயேதான் கவுத்து வெச்சிருக்கு. யாரும் எடுக்கலை.

நீ பார்த்தது டீசர், விளம்பரத்துக்குன்னு முன்கூட்டியே தனியா எடுத்தது. இடுப்புல கை துடைக்கறதை நான்தான் நடிகைக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டு வேலை பண்றவா எல்லாரும் அப்படித்தான் பண்ணுவான்னு நினைச்சேன். சத்தியமா அது உன் பழக்கம்னு தோணலை. வேற யாரையும் நான் அத்தனை நாள் பார்த்ததில்லை, அதான் காரணமா இருக்கும்.

நான் பார்த்ததை எழுதறேன். உனக்குத் தெரியாததில்லை, எனக்கு வரிசையா வரணும். அன்னிக்குத் தாத்தா திவசம். அம்மா விடியறதுக்கு முன்னாடி குளிச்சு, மடிப் புடவை கட்டிண்டு, யாரையும் அண்ட விடாம சமைச்சுண்டிருந்தா. வெளியாள் ஒருத்தர் அடுக்களைக்குள்ள கால் வெச்சாலும் சமைச்சது அத்தனையும் வீண், திவசம் நின்னுபோகும். அப்பா வாத்தியாரை அழைச்சுண்டு வரப் போயிருந்தார். நான் ஆரியசாலைப் பக்கம் வாழை இலை வாங்கப் போனேன். நீ ஃபோன் பண்ணி “மாமி விழுந்துட்டாக, ஓடி வா”ன்னே. ஓடி வரப்போ இருபது நிமிஷம் ஆயிடுத்து. அம்மா தரையில இடுப்பு ஒடிஞ்சு கிடக்கா. நீ நிலைப்படிக்கு வெளியில, ரெண்டு கையாலயும் கதவைப் பிடிச்சுண்டு நிக்கறே. இருபது நிமிஷமும் அங்கேயே நின்னேன்னு நீதான் சொன்னே.

பதினோரு வருஷம் என்னை ‘பாப்பா பாப்பா’ன்னு கூப்பிட்டவ, எங்கம்மா துடிக்கறப்போ ஒரு அடி எடுத்து வைக்கலையேன்னு எனக்கு இன்னும் ஆறலை. அதையும் சொல்லிடறேன். ஆறியிருந்தா சினிமா எடுத்திருக்க மாட்டேன்.

மாளவிகா


விழிஞ்ஞம்
25.2.2025

மேடம்,

உங்களுக்கு ஆறலையா? எனக்கு மட்டும் ஆறிட்டுன்னு நினைப்போ?

நான் நின்னது இருபது நிமிசம். சரி. அதுக்குப் பிறகு நடந்தத நீங்க எழுதலையே, ஏன்? வந்த உடனே நீங்க மாமியத் தொட்டீங்களா? “மடியில்லாம வராதேடி”ன்னு அவுக கத்தினதும் கிணத்தடிக்கு ஓடி, தலையோட தண்ணி ஊத்திட்டு வந்துதானே தொட்டீங்க? பிறகு கூடத்துல பலகை போட்டுக் கிடத்தினீங்க. பக்கத்து வீட்டு சிவகாமியம்மாள் மடிச் சேலை கட்டி வந்து மிச்ச வடையைச் சுட்டாக. வாத்தியார் வந்தாரு, மந்திரம் சொன்னாரு, இலை போட்டு, சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிட்டுப் போனாரு. பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்திச்சு. ரெண்டரை மணி நேரம். மாமி பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாக. அந்த ரெண்டரை மணி நேரமும் அந்த வீட்டுல எத்தனை பேரு நின்னீங்க? உங்க சினிமாவுல அது வருதா?

ஆஸ்பத்திரியில நீங்க கத்தினது தெருவு முழுக்கப் பரவிட்டு. “கண்ணு முன்னால விழுந்து கிடந்தும் தூக்காதவ”ன்னு ஒரு வீட்டுலயும் என்னைச் சேர்க்கலை. நீங்க வேலையை விட்டு நிப்பாட்டினது ஒரு வீடு, நான் இழந்தது நாலு தெரு. அதனாலதான் விழிஞ்ஞம் வந்தேன். இங்க நல்லாத்தான் இருக்கேன். அடுப்படி முழுக்க என் கையில. தினம் இருநூறு வடை சுடுதேன். எங்க ஊரு சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்க அம்பது பேரு இருக்காங்க, அக்கா அக்கான்னு உசிர விடுவாங்க.

எனக்கு ஊரு சொன்னதெல்லாம் போகட்டும். என் மக என்னை ஒரு மாதிரி பார்க்கா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. அந்தப் படம் வெளிய வந்தா அவ பார்க்கத்தான் செய்வா. நெசமாவே நின்னீங்களான்னு திரும்பக் கேட்பா. அவகிட்ட என்னால பதில் சொல்ல முடியாது. என்னத்துக்குன்னு கேக்காதீங்க. முடியாது.

அந்தக் கடைசி சீனை எடுக்காதீங்க. உங்ககிட்ட நான் இதுவரை ஒண்ணும் கேட்டதில்ல. இதைக் கேக்கேன்.

பூமாரி


வலியசாலை
10.3.2025

பூமாரி,

உன் லெட்டரைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடப் பிடிக்கலை. ரெண்டரை மணி நேரம்ங்கறது நிஜம். தலையில தண்ணி ஊத்திண்டதும் நிஜம். அதை நான் எங்கேயும் எழுதலை, மனசுக்குள்ளகூட எழுதிக்கலைன்னு இப்போதான் தெரியறது.

ஆனா நான் எழுதறது வேற ஒரு விஷயம். எனக்குத் தலை வெடிச்சுடும் போல இருக்கு.

படத்துக்காக நம்மாத்து அடுக்களையை அப்படியே செட் போட்டிருக்கோம். மேடை, அடுப்பு, மாவு அரைக்கற மிஷின், எல்லாம் அதே அளவு. சிஜின்னு ஒரு பொண்ணு, கன்டின்யூட்டி பாக்கறா. ஒரு ஷாட்லேர்ந்து அடுத்த ஷாட்டுக்கு எந்தச் சாமான் எங்கே இருந்தது, எது மாறித்துன்னு நோட்டுல குறிக்கறதுதான் அவ வேலை. நான் அன்னிக்கு நடந்ததை நடந்தபடியே அவளுக்குச் சொல்லிண்டு வந்தேன். வாணலியில வடைக்கு எண்ணெய் வெச்சிருந்தது, எரியவிட்டுட்டு அம்மா மாவு எடுக்கத் திரும்பினா, வழுக்கி விழுந்தா. அப்புறம் நான் வந்தப்போ என்ன பார்த்தேன்னு சொன்னேன். சிஜி எழுதிண்டே இருந்தவ நிறுத்திட்டு, “சேச்சி, அடுப்பு ஆரு ஆஃப் ஆக்கி?”ன்னு கேட்டா.

பூமாரி, நான் வந்தப்போ அடுப்பு அணைஞ்சிருந்தது!

எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. வாணலியில எண்ணெய் சலனமே இல்லாம இருந்தது. மூணு வருஷமா அந்த அடுக்களையை ஆயிரம் தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்திருக்கேன், ஒரு தடவைகூட எனக்கு இந்தக் கேள்வி தோணலை. அம்மா கிடந்த இடத்துலேர்ந்து மேடை ஆறடி. இடுப்பு ஒடிஞ்சவ எழுந்து நின்னு திருகியிருக்க முடியாது. கேஸ் தீர்ந்திருக்குமோன்னு பார்த்தேன். முதல் நாள்தான் புது சிலிண்டர் மாட்டினது, நீதான் வண்டிக்காரனைக் கூப்பிட்டே.

தீக்காட்சி பார்த்துக்கறவர் செட்லயே அதே அளவு எண்ணெயை வெச்சு, தணலைப் பூரா விட்டுப் பார்த்தார். பதினோராவது நிமிஷம் எண்ணெய் தானே பத்திண்டு, தீ மேல் சுவர் வரைக்கும் போச்சு. நான் வந்தது இருபது நிமிஷம் கழிச்சு. அப்போ அம்மா இருந்திருக்கவே மாட்டா.

அம்மாகிட்ட கேட்டேன். “எனக்கு ஞாபகமில்லை”ன்னு சொல்லிட்டு வாக்கரைத் தள்ளிண்டு பூஜை ரூமுக்குப் போயிட்டா. அப்பா இருந்தா அவர்கிட்டயாவது கேட்கலாம். அவர்தான் போயிட்டாரே.

அடுப்பை அணைச்சது யாரு, பூமாரி?

மாளவிகா


விழிஞ்ஞம்
14.3.2025

அடுப்பைப் பத்தி இதுல ஒண்ணும் எழுத மாட்டேன். முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு.

மாமா போயிட்டாகளா? எப்போ? என்கிட்ட யாரும் சொல்லலையே. லிங்கம் அண்ணன்கூட மூச்சு விடலை.

நெசந்தானா? தேதி போட்டு எழுது.

பூமாரி


வலியசாலை
17.3.2025

பூமாரி,

நிஜம்தான். போன கர்க்கடகம், ஜூலை இருபத்தெட்டாம் தேதி, காலம்பர காபி குடிச்சுட்டுப் பேப்பர் கேட்டார். எடுத்துண்டு வரதுக்குள்ள போயிட்டார். உனக்குச் சொல்லி அனுப்பணும்னு தோணித்து. எந்த முகத்தோட சொல்றதுன்னு விட்டுட்டேன். தப்புதான்.

இத்தனை லெட்டர்ல முதல் தடவையா, பழையபடி என்னை ‘சொல்லு’ன்னு ஒருமையில எழுதியிருக்கே. கோபத்துல எழுதினியோ தெரியாது, எனக்கு அழுகை வந்துடுத்து.

இருபத்தி நாலாம் தேதி ஷூட்டைத் தள்ளி வெச்சுட்டேன். தயாரிப்பாளர் நவநீத் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கறான். குதிக்கட்டும்.

மாளு


விழிஞ்ஞம்
23.3.2025

பாப்பா,

மாமாவுக்காக ஒரு நாள் கான்டீன்ல யாரோடயும் பேசாம இருந்தேன். கோவக்காரர், ஆனா என் மக பரீச்சைக்கெல்லாம் பேனா வாங்கிக் கொடுத்து அனுப்புவாரு. நல்ல சாவுதான், படுக்கையில கிடக்கலை.

இனி எழுதலாம்.

நான் உள்ள போனேன் பாப்பா.

பின்னால ஏனம் கழுவிக்கிட்டு இருந்தேன். தொம்முனு சத்தம். ஓடி வந்து பார்த்தா மாமி கிடக்காக, எண்ணெயில இருந்து புகை கறுப்பா கிளம்புது. வரலாமா கூடாதான்னு யோசிக்கவே இல்ல. யோசிச்சேன்னு சொன்னா பொய். உள்ள ஓடி அடுப்பைத் திருகி அணைச்சேன். இடது பக்கத்துத் திருகு லூசா இருக்கும், அழுத்திப் பிடிச்சுத்தான் திருப்பணும். அந்த அடுப்பை அதுக்கு முன்ன நான் தொட்டதே இல்ல, ஆனா மாமி அழுத்தித் திருப்புறதைப் பதினோரு வருசம் வெளிய இருந்து பார்த்திருக்கேனே. பிறகு கீழ உட்கார்ந்து அவுக தலையத் தூக்கி மடியில வச்சேன். வலியில என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் ரெண்டு நொறுங்கிட்டு. “பூமாரி, பூமாரி”ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நானும் அழுதேன்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் மாமிக்கு முகம் மாறிட்டு. நான் எங்க உட்கார்ந்திருக்கேன்னு அப்பத்தான் பார்த்தாக. சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் மேடையில வரிசையா மூடி இருக்கு. “ஐயோ, எல்லாம் போச்சே, திவசம் நின்னா அவர் தாங்க மாட்டாரே, அவர் அப்பாவுக்குச் சோறு இல்லாமப் போச்சே”ன்னு தலையில அடிச்சுக்கிட்டாக. நான் எந்திரிச்சு வெளிய போறேன் மாமின்னேன். அவுக என் கையை விடலை. “யாரும் பார்க்கலை. நீ வரவே இல்லை. என்ன? உள்ளே வரவே இல்லை”ன்னாக. சரின்னேன். சரி போதாதுன்னுட்டாக. “அஜிதா தலை மேல சத்தியம் பண்ணு. அவர் இருக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பண்ணு”ன்னாக.

வலியில கிடக்கிற மனுசிகிட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்ல? பண்ணிட்டேன். நொறுங்கின வளையலைப் பொறுக்கிக்கிட்டு வெளிய வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பிறகுதான் உனக்கு ஃபோன் போட்டேன். நீ வந்த. நீ பார்த்தது அதைத்தான்.

ஆஸ்பத்திரியில நீ அப்படிக் கேட்டப்ப எனக்கு வாய் வரைக்கும் வந்திச்சு. மாமி ஸ்ட்ரெச்சர்ல கிடந்து என்னையே பார்க்காக. என் மக தலை நினைவு வந்திச்சு. விழுங்கிட்டேன். நாலு நாள்ல மாமி உன்கிட்ட எப்படியாவது சொல்லிருவாகன்னு இருந்தேன். நாலு மாசம் இருந்தேன். பிறகு உன் நம்பரை அடைச்சுட்டேன்.

நேத்து அஜிதாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவகிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு தோணிச்சு, அவ தலைதானே. கேட்டுட்டு ஒரு சண்டை பிடிச்சா பாரு! “என்ட தல வெச்சிட்டா சத்தியம்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”ன்னு குதிச்சா. பிறகு என் தோள்ல சாஞ்சுக்கிட்டு அந்த டீசரைத் திரும்பப் போட்டா. “அம்மா, இந்த மிஷினுக்கு உங்கள மாதிரி நடக்கவே தெரியல”ங்கா.

மாமிய ஏசாதே. அவுக பயந்தது எனக்குத் தெரியும். ஆனா மாமா போயி எட்டு மாசமாச்சே பாப்பா. அதுக்குப் பிறகும் ஏன் சொல்லலை? அதை மட்டும் கேட்டு எழுது.

பூமாரி


வலியசாலை
2.4.2025

பூமாரி அக்காவுக்கு,

அக்கான்னு எழுதறதுக்குள்ள ரெண்டு பேப்பர் கிழிச்சாச்சு. உன்னைவிடப் பதினாலு வயசு சின்னவ நான், பதினஞ்சு வயசுலேர்ந்து உன்னைப் பேர் சொல்லி நீ வா போன்னுதான் கூப்பிட்டிருக்கேன். ஆத்துல எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டோம். ‘நீங்க’ இன்னும் வரமாட்டேங்கறது, அக்கா மட்டும் வந்திருக்கு.

உன் லெட்டரை அம்மா முன்னாடி உட்கார்ந்து சத்தமா வாசிச்சேன். வளையல் உடைஞ்ச இடம் வந்ததும் அம்மா முந்தானையை வாயில வெச்சுண்டுட்டா. முடிஞ்சதும் நீ கேட்டதைக் கேட்டேன். அம்மா சொன்னா, “அவர் இருக்கற வரைக்கும் அவருக்குப் பயந்துண்டு சொல்லலை. அவர் போனப்புறம் உனக்குப் பயந்துண்டு சொல்லலை. நீ அவளை அப்படிப் பேசிட்டே, அதுக்கு நான்தான் காரணம்னு தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டியோன்னு நினைச்சேன்.” நான் ஏசலை, அக்கா. ஏச எனக்கு என்ன யோக்யதை? என் கண்ணால பார்த்ததை நானே மூணு வருஷம் பார்க்கலை. தெரு பூரா உன் பேரைக் கெடுத்தது நான். மன்னிச்சுக்கோன்னு கேட்க வெக்கமா இருக்கு, ஆனாலும் கேக்கறேன்.

சிவகாமியம்மாள்கிட்டயும், தெருக்கோடி நயினார் கடை வாசல்லயும் நானே போய் நடந்ததைச் சொல்லிட்டேன். சமையல் தீட்டுப்பட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன். சிவகாமியம்மாள் ஐயையோன்னு காதைப் பொத்திண்டா. அப்புறம், “அப்போ பூமாரி இல்லேன்னா வீடே எரிஞ்சிருக்குமேடி”ன்னா.

க்ளைமாக்ஸ் மாத்தி எழுதிட்டேன். இப்போ துணை உள்ளே போறது. எஜமானி “வராதே வராதே”ன்னு கட்டளை போட்டும் போறது, அடுப்பை அணைக்கறது, அவளைத் தூக்கறது. மறுநாள் கம்பெனிக்காரன் வரான். ‘எஜமானர் கட்டளையை மீறியது, ஆபத்தானது’ன்னு எழுதி வண்டியில ஏத்திண்டு போறான். வீட்டுல அத்தனை பேருக்கும் நடந்தது தெரியும். வாசல்ல வரிசையா நிக்கறா. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நவநீத், “இதுல பயப்படறதுக்கு என்ன இருக்கு? வில்லன் யாரு?”ன்னு கேக்கறான். சிஜி அவனை ஒரு பார்வை பார்த்தா பாரு, அப்புறம் அவன் கேக்கலை.

நீ ஒரு நாள் செட்டுக்கு வந்து எங்க நடிகைக்கு நடக்கச் சொல்லித் தரணும். அஜிதா சொன்னது சரி, அவளுக்கு உன்னை மாதிரி ஓட வரலை. படத்துல உன் பேர் போடணும்னு எனக்கு ஆசை. நீ வேண்டாம்னா போடலை, இடுப்புல கை துடைக்கறதையும் எடுத்துடறேன்.

இன்னொண்ணு. இது அம்மா சொல்லச் சொன்னது, அவ சொன்னபடியே எழுதறேன். வர கர்க்கடகத்துல அப்பாவோட முதல் வருஷ திவசம். அண்ணா கைலாஷ் பெங்களூர்லேர்ந்து வரான். அம்மாவால அடுப்பு முன்னால நிக்க முடியாது. நேத்து அவளே வாக்கரைத் தள்ளிண்டு அடுக்களை வரைக்கும் வந்து, நிலைப்படியில நின்னுண்டு சொன்னா, “பூமாரி தினம் இருநூறு வடை சுடறாளாமே. அவருக்கு வடை சுட அவ வருவாளான்னு கேளு. உள்ளே வந்து சுடட்டும்.” வாத்தியார் ஒத்துக்கலேன்னா வேற வாத்தியார் பார்த்துக்கலாம்னும் சொன்னா. நான் ஆடிப்போயிட்டேன்.

வருவியா?

மாளு


விழிஞ்ஞம்
10.4.2025

மாளு பாப்பாவுக்கு,

அக்கான்னு எழுதினத மூணு தடவை வாசிச்சேன். கேட்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு, பழகிரும். மன்னிப்பெல்லாம் நேர்ல வந்து கேளு, ரெண்டு ஏசு ஏசிட்டுத்தான் தருவேன்.

தெருவுல சொன்னியாமே. லிங்கம் அண்ணன் ஓடி வந்து சொன்னாரு, வெல்லக் கடையில அன்னைக்கு முழுக்க இதே பேச்சாம். மூணு வருசத்துக்குப் பிறகு அந்தத் தெரு என்னைப் பத்தி நல்லதாப் பேசியிருக்கு. அழுதுட்டேன்.

செட்டுக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை கான்டீன் லீவு. அஜிதாவும் வருவா, அவளுக்கு அந்த சிஜியைப் பார்க்கணுமாம். பேரு போடு. எழுத்துக்கூட்டிச் சரியாப் போடு. இடுப்புல கை துடைக்கிறது இருக்கட்டும், அது என்னோடதுதானே. ஆனா துணை உள்ள ஓடுறப்ப வாசல்ல ஒரு நொடிகூட நிக்க வைக்காதே. நான் நிக்கலை.

மாமிகிட்ட இதைச் சொல்லு. சத்தமா வாசிச்சே சொல்லு.

மாமி, நீங்க கேட்டதே எனக்குப் பெரிசு. ஆனா வடை சுட நான் வரமாட்டேன். வந்தா திரும்பவும் வேலைக்கு வந்த மாதிரி ஆயிரும். வடை வேணும்னா எங்க கான்டீன் பையன் ஒருத்தனை அனுப்புதேன், அவன் கைப்பக்குவம் என்னைவிட நல்லா இருக்கும்.

பதினோரு வருசமும் உங்க வீட்டுத் திவசத்தன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது. அன்னைக்குச் சோறு வெளியாளுக்கு ஆகாது, ஹோட்டல்ல பார்த்துக்கோன்னுதான் சொல்வீக. ஏனம் எல்லாம் நான்தான் கழுவுவேன், ஒரு வடைகூட வாயில வச்சதில்ல. வச்சுக்கவும் கேட்டதில்ல.

இந்தத் தடவை திவசம் மாமாவுக்கு. கூடத்துல எனக்கும் ஒரு இலை போடுங்க. உட்கார்ந்து சாப்பிட வாரேன்.

பூமாரி